அண்ணாச்சி கடையில் ஓட்ஸ் இல்லை

கேள்வி: எனக்கு வயது 41. அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. கோவையிலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு, கமுதிப் பக்கம் என் கணவரின் சொந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கணவர் (46) எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, ஆறு டீயாவது ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு முன்பு சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 8.2. மகளுக்கு வயது 11, ஆறாம் வகுப்பு, நான் வேலை பார்க்கிற பள்ளியிலேயே படிக்கிறாள். ஹீமோகுளோபின் 9.8 தான். மதுரையில் ஒரு மருத்துவமனையில் உணவுப் பட்டியல் கொடுத்தார்கள்: ஓட்ஸ், பிரவுன் ரைஸ், கொழுப்பு நீக்கிய பனீர், ஆப்பிள், புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய். எங்கள் ஊரில் இருப்பது இரண்டு மளிகைக் கடை, ஒரு பேக்கரி, ஒரு ரேஷன் கடை. செவ்வாய்க்கிழமை சந்தை. மற்ற நாளில் காய் என்று போனால் வாடிய கத்தரிக்காயும் தக்காளியும்தான். கடை வாசலில் மட்டும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. புதிதாக வந்திருக்கிற சின்ன சூப்பர் மார்க்கெட்டில் மல்டிகிரெய்ன் பிஸ்கட், ஹெல்த் டிரிங்க் எல்லாம் இருக்கின்றன. அவற்றை வாங்கலாமா? இல்லை, மதுரைக்கே குடிபோய்விடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு வருகிறது. கருப்பட்டிக் காபி சர்க்கரைக்காரர்களை ஒன்றும் செய்யாது என்கிறார் எங்களோடு இருக்கிற என் அத்தை (கணவரின் அம்மா). அது உண்மையா?
— ஒரு வாசகி

பதில்:

குடிபோக வேண்டாம். மதுரையில் பாக்கெட் இதைவிட அதிகம்.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எழுதிக் கொடுத்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் நானும் அதே தப்பைச் செய்தவள். உணவு ஆலோசனை சொல்கிற வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைத்திருந்த தாளைத்தான் வருகிற எல்லோருக்கும் நீட்டுவேன். முதுகுளத்தூர் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, அடுத்த மாதம் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "ஆலிவ் எண்ணெய் மருந்துக் கடையில தாம்மா இருந்துச்சு, சின்ன பாட்டில்ல. அதைக் குடிக்கணுமா, தேய்க்கணுமா?" குழந்தைகளுக்குத் தேய்த்துவிட விற்கிற பாட்டிலை அவர் வாங்கியிருந்தார். அன்றிலிருந்து வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, "உங்க ஊர்க் கடையில என்னம்மா இருக்கு?" என்பதுதான்.

உங்கள் பட்டியலில் இருப்பவை கெட்ட பொருட்கள் அல்ல. ஓட்ஸில் நார்ச்சத்து உண்டு, பனீரில் புரதம் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றுகூட உங்கள் வீட்டுக்கு அவசியம் இல்லை. அவை செய்கிற வேலையைச் செய்ய உங்கள் அண்ணாச்சி கடையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். கருப்புக் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, வேர்க்கடலை, பொரிகடலை என்று உள்ளே சாக்கிலும் டப்பாவிலும் இருக்கின்றன. வாசலில் தொங்காததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 30 கிராம் கொண்டைக்கடலை, அதாவது ஒரு கைப்பிடி, ஊறவைத்து அவித்தால் ஆறு கிராம் புரதம் சேரும். ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். முட்டையையும் கிராமத்துக் கடையின் நல்ல பொருட்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலிருந்து கிளம்புகிற முட்டை, ஃபிரிட்ஜே இல்லாத பெட்டிக்கடைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. நிழலான இடத்தில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குத் தருகிற ஒரு கிலோ துவரம்பருப்பை விடாமல் வாங்குகிறீர்கள்தானே? நல்லது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு மாதம் ஒரு கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். சாம்பாருக்கு நிறம் கொடுக்கலாம், உடம்புக்குப் போதாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது. சமைப்பதற்கு முந்தைய எடை இது. ஆகவே வீட்டில் தினமும் ஒரு வேளை சுண்டலோ, பயற்றுக் குழம்போ, முட்டையோ இருக்கட்டும். மீன்காரர் வண்டி வருகிற நாளில் மத்தியோ நெத்திலியோ வாங்குங்கள். மலிவு மீன் என்று தயங்க வேண்டாம். கருவாடு அவ்வப்போது பரவாயில்லை. இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமையுங்கள்.

சரி, அரிசிக்கு வருவோம். பிரவுன் ரைஸ் தேடி அலைய வேண்டாம். நீங்கள் இருப்பது குதிரைவாலி விளைகிற மானாவாரி மண். அதைச் சாப்பிடலாம், கேழ்வரகு சாப்பிடலாம், கம்பு சாப்பிடலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைத்துத் தட்டு நிறையப் போட்டுக்கொள்கிறார்கள். கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கிற குதிரைவாலி நன்றாகத் தீட்டப்பட்டது. அளவு கூடினால் அதுவும் அரிசி செய்கிற வேலையைத்தான் செய்யும். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் மளமளவென்று ஏறும். களியாகவோ அடையாகவோ, கீரை, குழம்பு சேர்த்துச் சாப்பிட்டால் அந்த வேகம் குறையும். எந்தத் தானியம் என்பதை விட, தட்டில் எவ்வளவு, கூட என்ன என்பதுதான் உங்கள் வீட்டுக்காரருக்கு முக்கியம். தட்டில் பாதி காய், கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு.

இதை ஒரே நாளில் செய்ய வேண்டாம். அவருடைய மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை இருந்தால், சோற்றைத் திடீரென்று பாதியாக்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, படிப்படியாகக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாதாமாதம் மதுரைக்கு அலைவது சிரமம் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021 முதல் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ஆறு டீ. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. டீக்கடை கிளாஸில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலும் பத்து கிராம். ஆறு டீக்கு 60 கிராம். மாதத்துக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்கும் மேல்! ஓட்ஸ் சாப்பிட்டால் இது கழியாது. டீ மாஸ்டரிடம் "அரைச் சர்க்கரை" என்று சொல்லி இரண்டு வாரம், பிறகு "சர்க்கரை இல்லாமல்". ஆறை மூன்றாக்குங்கள். கூட வருகிற வடையையும் பன்னையும் விட்டு, கடை மேஜையில் ஒரு டப்பா வறுத்த கடலையோ பொரிகடலையோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி போதும், டப்பா காலியாகக் கூடாது. மூன்று மாதத்தில் எச்பிஏ1சி இறங்குவதற்கு இந்த ஒரு மாற்றமே பெரிதாக உதவும்.

இப்போது உண்மையான குறைக்கு வருகிறேன். பச்சைக் காய்கறியும் கீரையும் பழமும். இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, உங்கள் ஊரில் மட்டும் அல்ல, சிற்றூர்க் கடைகள் பெரும்பாலானவற்றில் இதே கதைதான். அண்ணாச்சியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் பக்கம் நின்று பாருங்கள். பாக்கெட் கம்பெனியின் வண்டி வாசலுக்கே வருகிறது. சரத்தைத் தொங்கவிட்டுப் போகிறார்கள், சிலர் கடனும் தருகிறார்கள், தேதி முடிந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. தக்காளிக்கு யார் அப்படிச் செய்வார்கள்? விடியற்காலை மாட்டுத்தாவணி மொத்தச் சந்தையில் ஏற்றி, வெயிலில் வந்து இறங்கி, சாயங்காலம் விற்காமல் போனால் முழு நட்டமும் அவர் தலையில். ஆகவே அழுகாத கத்தரிக்காயை மட்டும் கொஞ்சமாக வாங்குகிறார். வாடிப்போவதால் யாரும் வாங்குவதில்லை, யாரும் வாங்காததால் அவர் புதிதாகக் கொண்டுவருவதில்லை.

இதை உடைக்க அவருக்குத் தேவை, நிச்சயமாக விற்கும் என்ற உறுதி. உங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள்? தெருவில் பேசுகிற வீடுகள் எத்தனை? ஐந்தாறு வீடு சேர்ந்து, "வெள்ளியும் ஞாயிறும் ஆளுக்கு இரண்டு கட்டுக் கீரை, அரை கிலோ அவரை, ஒரு சுரைக்காய் எடுத்துக்கொள்கிறோம், நாங்கள் வாங்க வந்தாலும் வராவிட்டாலும் காசு எங்களுடையது" என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் முதல் இரண்டு வாரம் முன்பணம் கொடுங்கள். கீரையை வெளியூரிலிருந்து கொண்டுவரவும் தேவையில்லை. கிணறோ போரோ வைத்திருக்கிற யாராவது ஒரு வீட்டில் பாத்தி கட்டிப் போட்டால், தண்டுக்கீரையும் அரைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் அறுப்புக்கு வந்துவிடும். வாடிக்கை நிச்சயம் என்று தெரிந்தால் போடுவார்கள். ஐந்து வீட்டுக்கு என்று வருகிற கீரை பதினைந்து கட்டாக வந்து, மிச்சமும் விற்றுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவரை செவ்வாய்ச் சந்தைதான் கதி. அதே 2024 வழிகாட்டுதல் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறி, கீரை என்கிறது. உங்கள் நான்கு பேருக்கு வாரத்துக்குப் பதினொரு கிலோ! பையைத் தூக்கும்போதே தோள் கழன்றுவிடும், தெரியும். முதல் மாதம் ஆறு கிலோவை இலக்காக வையுங்கள். வாங்கும்போதே எது எந்த நாளுக்கு என்று பிரித்து வாங்குங்கள். கீரை, வெண்டைக்காய், பீர்க்கங்காய் செவ்வாய் முதல் வியாழன் வரை. அவரை, கோவைக்காய், கத்தரி அதற்குப் பிறகு. முட்டைக்கோஸ், வெட்டாத சுரைக்காய், பூசணி, சௌசௌ கடைசி மூன்று நாளுக்கு. சந்தையில் பெரும்பாலோர் உருளைக்கிழங்கையும் சேனையையும் "தாங்கும்" என்று வாங்குவார்கள். தாங்கும்தான், ஆனால் உங்கள் வீட்டுக்காரர் தட்டில் அது காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். கீரையை ஈரத் துணியில் சுற்றி மண்பானையில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் கழுவாமல் வையுங்கள்.

முருங்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக் கருவேலத்துக்கு அடுத்தபடி உங்கள் மண்ணில் கேட்காமலே வளர்வது அதுதான். வாசலில் ஒரு போத்து நட்டுவிட்டால் சந்தை இல்லாத நாட்களுக்கு அதுவே கடை. பழத்துக்கு ஆப்பிள் வேண்டாம். கொய்யாவும் பப்பாளியும் கிடைக்கும்போது வாங்குங்கள், நெல்லிக்காய்க் காலத்தில் நெல்லிக்காய். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு கொய்யா அல்லது ஒரு சின்ன வாழைப்பழம். ஜூஸாக வேண்டாம், கடித்துச் சாப்பிடட்டும்.

உங்கள் மகளுக்கு 9.8 என்பதைக் கீரையால் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் 11.5 இருக்க வேண்டும். 12 வயதாகிவிட்டால் 12. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற மாத்திரை ரத்தசோகை வராமல் காக்கிற அளவுதான். ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு டாக்டர் சொல்கிற அளவில் தினசரி மாத்திரை வேண்டும், ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் தொடர வேண்டும். பூச்சி மாத்திரை போட்டாளா என்று பாருங்கள். வயதுக்கு வந்திருந்தால் உதிரப்போக்கு அதிகமா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை ஒரு பக்கம் இருக்க, அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) வாங்கி வதக்கிக் கொடுங்கள். சுவரொட்டி ரத்தம் ஊற நல்லது என்று உங்கள் அத்தை சொல்லியிருப்பார். இதில் அவர் சொல்வதுதான் சரி. கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் அதிகம் எடுத்துக்கொள்ளும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதையும் தடுத்துவிடும். பதினொரு வயதுக்கு டீ எதற்கு?

இன்னொன்று. ரேஷன் அரிசியில் நிறம் கொஞ்சம் மாறின மணிகள் கலந்திருக்கலாம். "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணி, நூற்றுக்கு ஒன்று என்று கலந்து வந்தார்கள். எறியாதீர்கள்.

சூப்பர் மார்க்கெட் விஷயத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். மல்டிகிரெய்ன் என்று போட்டுவிட்டு, பின்னால் முதல் பெயர் "ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்" என்று இருந்தால் அது மைதா பிஸ்கட். அடுத்தடுத்து சர்க்கரை, பாமாயில் என்று வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மால்ட் பானங்களிலும் சர்க்கரை முன்வரிசையில்தான் இருக்கும். 2024 ஏப்ரலில், "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை, அந்தத் தலைப்பில் இவற்றை வைக்காதீர்கள் என்று மத்திய வணிகத் துறை இணையக் கடைகளுக்கு எழுதியது. பிள்ளைக்குத் தின்பண்டம் வேண்டும் என்றால் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒன்று, அவித்த கடலை, பனங்கிழங்குக் காலத்தில் பனங்கிழங்கு.

பள்ளி வாசலில் இருக்கிற கடையிலும் அதே சரம்தான் தொங்கும் என்று நினைக்கிறேன். பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. விதியைக் காட்டிக் கடைக்காரரை மிரட்டச் சொல்லவில்லை, ஆசிரியையாகப் போய்ப் பேசுங்கள். முன்வரிசையில், பிள்ளைகள் கண்ணுக்கு நேராக, கடலைமிட்டாயும் பொரிகடலையும் கொய்யாப்பழமும் இருக்கட்டும், சரம் உள்ளே போகட்டும் என்று கேளுங்கள். முதலில் அவருக்கு வியாபாரம் குறையுமோ என்ற பயம் இருக்கும். அதைப் போக்க நீங்களே தினமும் ஒரு பொட்டலம் வாங்க வேண்டி வரலாம்.

கருப்பட்டி விஷயம். சுவரொட்டியில் அத்தைக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டேன், இதில் கொடுக்க முடியாது. பனங்கருப்பட்டி மணமானது, நம் ஊர்ப் பனையேறிகளின் உழைப்பு, வெள்ளைச் சீனியை விடக் கொஞ்சம் தாதுச் சத்து கூட. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தத்தில் ஏற்றத்தான் செய்யும். அத்தைக்குச் சர்க்கரை இல்லை என்றால் அவர் குடிக்கட்டும், மகனுக்கு ஊற்ற வேண்டாம். அவருக்கும் 60 தாண்டியிருக்கும், சர்க்கரை இல்லை என்பதை ஒரு முறை பரிசோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த எச்பிஏ1சி எடுத்ததும் அந்த எண்ணையும், வெள்ளிக்கிழமைக் கீரை எத்தனை கட்டு வந்தது என்பதையும் எழுதுங்கள்.